காலையில் அடம்பிடிக்கும் வண்டி: குறையை எங்கே தேடுவது?

 

வழக்கமாக இந்தப் பக்கத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ முகாம், வரவு செலவு பற்றி எழுதுவோம். இந்த இதழில் ஒரு வண்டிப் பாடம். இதை எழுத வேண்டிய கடமை எங்களுக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கடந்த மார்கழியில் ஒரு நாள், சுப்ஹு பாங்குக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது, நம் ஆம்புலன்ஸ் எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்த ஒரு சகோதரிக்கு வலி கண்டுவிட்டது. ஓட்டுநர் தம்பி ஐந்தே நிமிடத்தில் வந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு சுற்று முனகிவிட்டு நின்றது. மறுபடியும் திருப்பினார், மறுபடியும் முனகல். வெளியே மழை ஈரம், ஆற்றுமுகத்திலிருந்து ஊதல் காற்று. "குளிருக்கு இப்படித்தான், இப்போ பிடிச்சிரும்" என்று சொல்லிச் சொல்லியே 25 நிமிடங்கள் போய்விட்டன. கடைசியில் மீன் ஏற்றப் புறப்பட்டுக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு டெம்போக்காரர்தான் தன் வண்டியில் அந்தச் சகோதரியை உட்காரவைத்து, ஆத்தூர் வழியாக முக்காணிப் பாலம் தாண்டித் தூத்துக்குடி கொண்டுபோய்ச் சேர்த்தார். தாயும் குழந்தையும் நலம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த 25 நிமிடங்களுக்கு நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அன்று மாலை வண்டியின் பதிவேட்டைப் புரட்டினோம். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் நான்கு இடங்களில் ஓட்டுநர் எழுதியிருந்தார்: "காலையில் தாமதமாக ஸ்டார்ட் ஆனது." நான்கின் கீழும் எங்கள் கையெழுத்து இருந்தது. படிக்காமல் போட்ட கையெழுத்து.

அதன் பிறகு செய்ததும் சரியல்ல. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். புது பேட்டரி வாங்கினோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய கதை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வேலை பார்த்தோம். அதுவும் ஒரு வாரம்தான். உங்கள் சந்தாவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் ஏறக்குறைய 12,000 ரூபாய் போனது, குறை போகவில்லை. இறுதியில் கண்டுபிடிக்கப்பட்ட கோளாறைச் சரிசெய்ய ஆன செலவு 350 ரூபாய். அது என்ன என்பதைப் பாடத்தின் நடுவே சொல்கிறோம். நாங்கள் கட்டிய கட்டணம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

குளிர் என்ன செய்கிறது?

நம் கடலோரத்தில் மார்கழியில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. கனடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பல ஊர்களில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி போகும். இரவில் எஞ்சினைச் சூடாக வைத்திருக்க காருக்கே கரண்ட் பிளக் செருகி வைப்பார்கள். லடாக்கில் சாதாரண டீசலில் உள்ள மெழுகுப் பொருள் உறைந்து குழாயை அடைத்துவிடும். அதனால் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கே அறிமுகப்படுத்தியது.

நம் ஊர் ஊதல் காற்று அப்படிப்பட்ட குளிர் அல்ல. நல்ல நிலையில் உள்ள வண்டி 20 டிகிரியில் ஒரே சாவியில் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் உள்ளே ஏதோ பலவீனம் ஏற்கெனவே இருக்கிறது. குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: "குளிருக்கு அப்படித்தான்" என்பது நம் ஊருக்குப் பொருந்தாத சமாதானம்.

காலையில் ஏன் காட்டிக்கொடுக்கிறது? மூன்று காரணங்கள்.

ஒன்று, பேட்டரி. அதனுள் நடப்பது ரசாயன வேலை. குளிரக் குளிர அந்த வேலை மந்தமாகும். 25 டிகிரியில் முழு பலம் தரும் பேட்டரி, பூஜ்யம் டிகிரியில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான் தரும். ஆனால் பேட்டரியைக் கொல்வது குளிர் அல்ல, வெயில். சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளே தேய்ந்துபோன பேட்டரி, கார்த்திகை, மார்கழியில்தான் கைவிரிக்கும்.

இரண்டு, எஞ்சின் ஆயில். ஆறின ஆயில் கெட்டியாக இருக்கும். அந்தக் காலத்தில் லாரிக்கும் அம்பாசிடருக்கும் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றிய பெரியவர்களுக்கு இது தெரியும்: மத்தியானம் லேசாகச் சுற்றும் கைப்பிடி, விடியற்காலையில் தோளைப் பிடித்து இழுக்கும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கி, 1912-இல் காடிலாக் கார்களில் அது வந்த பிறகு, அந்தப் பாரம் நம் தோளிலிருந்து பேட்டரியின் தலைக்கு மாறியது. பாரம் குறையவில்லை.

மூன்று, எரிபொருள். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அழுத்தமும் சூடும் குறையும், டீசல் பற்றாது. பெட்ரோலும் குளிரில் எளிதில் ஆவியாகாது.

முதலில் காதைக் கொடுங்கள்

சாவியைத் திருப்பியதும் என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

1. சத்தமே இல்லை, டேஷ்போர்டில் விளக்கும் இல்லை: பேட்டரி முற்றிலும் இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் கழன்றிருக்கும், அல்லது பெரிய ஃபியூஸ் போயிருக்கும்.

2. விளக்கு எரிகிறது, ஆனால் சத்தமே இல்லை: சாவிப் படம் போட்ட விளக்கு மின்னுகிறதா பாருங்கள். மின்னினால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் சரியான இடத்தில் இருக்கிறதா, புது வண்டிகளில் கிளட்ச்சை முழுதாக மிதித்தீர்களா என்றும் பாருங்கள்.

3. "டிக் டிக் டிக்" என்று வேகமாக வருகிறது: பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினல் தளர்ச்சி.

4. ஒரே ஒரு "டக்", பிறகு மௌனம்: செல்ஃப் மோட்டாரில் கோளாறு, அல்லது அதற்குப் போகும் வயரிலோ எர்த் வயரிலோ தடை.

5. எஞ்சின் முனகி முனகி மெதுவாகச் சுற்றுகிறது: பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார், தவறான ஆயில் ஆகிய ஐந்தில் ஒன்று.

6. வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். டீசல் வண்டியென்றால் டீசலும் ஹீட்டர் பிளக்கும். பெட்ரோல் வண்டியென்றால் பெட்ரோலும் தீப்பொறியும்.

7. "விர்ர்" என்று செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை: செல்ஃபின் பல் எஞ்சினோடு சேரவில்லை. மெக்கானிக்குகள் பெண்டிக்ஸ் என்பார்கள்.

கையில் கருவி எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு சோதனை செய்யலாம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லி, முன்னால் நின்று பாருங்கள். வெளிச்சம் அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரியிலோ டெர்மினலிலோ குறை. வெளிச்சம் பளிச்சென்று இருக்க எஞ்சின் மட்டும் முனகினால், பேட்டரியில் பலம் இருக்கிறது, அது செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. அன்று காலை நம் ஆம்புலன்ஸின் விளக்கு பளிச்சென்றுதான் எரிந்தது. அதைக் கண்ணால் பார்த்தும் நாங்கள் பேட்டரி வாங்கப் போனோம்.

மூன்று அளவுகள்

ஒரு மல்டி மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்புக் கம்பியைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட்டால் போதும். பிளஸ் டூ படிக்கும் நம் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், இதைச் செய்யலாம்.

முதல் அளவு: இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி.

இரண்டாம் அளவு: ஒருவர் சாவியைத் திருப்பும்போது. 10 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. முதல் அளவு 12.6 காட்டிவிட்டு இப்போது 8, 7 என்று விழுந்தால் பேட்டரியின் உள்ளே தேய்ந்துவிட்டது. சார்ஜ் ஏற்றிப் பயனில்லை.

மூன்றாம் அளவு: எஞ்சின் ஓடும்போது. 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. அப்போது புது பேட்டரி வாங்கினாலும் இரண்டு நாளில் அதுவும் இறங்கிவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களின் வீடுகளுக்கு ஒரு தனிச் சொல். வண்டி சும்மா நின்றாலும் அலாரம், கடிகாரம் போன்றவை கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 20 நாளில் 24. சிறிய காரின் பேட்டரி 35 முதல் 45 வரைதான் இருக்கும். "வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறோம்" என்று பலர் சொல்கிறார்கள். ஸ்டார்ட் செய்ய எடுத்த சக்தியும், அந்த வாரம் வடிந்த சக்தியும் ஐந்து நிமிடத்தில் திரும்பாது. அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஓட்ட ஆளில்லையென்றால், மெக்கானிக்கை வைத்து மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள்.

உப்புக்காற்று தின்ற வயர்

இப்போது எங்கள் 350 ரூபாய்க் கதை. புது பேட்டரியும் வேலை பார்த்த செல்ஃபும் இருந்தும் வண்டி முனகியபோது, ஆற்றுமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரை ஓட்டுநர் தம்பி அழைத்து வந்தார். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை, மீட்டரை எடுத்தார். சாவியைத் திருப்பச் சொல்லிப் பேட்டரியில் பார்த்தார்: 11.8. "பேட்டரி சிங்கம் மாதிரி நிக்கி பாய்" என்றார். பிறகு மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்து, மறுபடியும் சாவியைத் திருப்பச் சொன்னார். அங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. கால் வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 2.8 காட்டியது.

"குளிரும் இல்ல, கிளிரும் இல்ல பாய். உப்புக்காத்து தின்னுட்டு" என்று சொல்லிவிட்டுக் கீழே குனிந்து, எஞ்சினிலிருந்து சேஸிக்குப் போகும் பின்னல் எர்த் வயரைக் காட்டினார். மேலே கறுப்பாக ஒன்றும் தெரியவில்லை. போல்ட்டைக் கழற்றியதும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. ஒரு ஜம்பர் கேபிளை எடுத்துப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சினுக்குப் பிடித்தார். சாவியைத் தொட்டதும் வண்டி பிடித்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்ய செல்ஃப் மோட்டார் 200, 250 ஆம்பியர் இழுக்கும். அரித்துப்போன இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும் போதும். 250 ஆம்பியர் அதன் வழியே போகும்போது இரண்டரை வோல்ட் அங்கேயே சூடாக வீணாகும். மத்தியானம் எஞ்சின் சூடாக, ஆயில் இளகி இருப்பதால் செல்ஃபுக்கு அவ்வளவு கரண்ட் தேவையில்லை. இழப்பும் குறைவு, வண்டி பிடித்துவிடும். விடியற்காலையில் ஆயில் கெட்டி, கரண்ட் அதிகம், இழப்பும் அதிகம். அதனால்தான் இந்தக் கோளாறு குளிர்க் கோளாறு போல வேடம் போடுகிறது. ஹெட்லைட் மிகக் குறைந்த கரண்டில் எரிவது. அதன் பாதையும் வேறு. ஆகவே அது பளிச்சென்று எரிந்து நம்மை ஏமாற்றியது.

புது பேட்டரி போட்ட இரண்டு நாள் நன்றாக இருந்ததும் இதனால்தான். கூடுதல் பலம் தடையைச் சற்றே தாண்டியது. நோய் குணமானதென்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

கடலில் போய்வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் நம் மீனவ நண்பர்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். அதே காற்றில் நிற்கும் நம் வண்டிகளுக்கு நாம் அதைச் செய்வதில்லை. கடற்கரைக் குடும்பங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள்: எஞ்சினை அணைத்து, முதலில் மைனஸ் வயரையும் பிறகு பிளஸ்ஸையும் கழற்றுங்கள். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பொடி கையிலும் கண்ணிலும் படக் கூடாது. மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். மைனஸை முதலில் கழற்றச் சொல்வது ஏனென்றால், பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரும் தீப்பொறி பறக்கும். மைனஸ் கழன்றிருந்தால் அந்த ஆபத்து இல்லை. எர்த் வயரின் இரு முனைகளையும் மெக்கானிக்கிடம் சொல்லிக் கழற்றித் தேய்த்து மாட்டச் செய்யுங்கள். மேலே பார்த்து நல்லது என்று விட்டுவிடாதீர்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

டீசல் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் மஞ்சள் நிறத்தில் சுருள் கம்பிப் படம் ஒன்று தெரியும். ஹீட்டர் பிளக் சூடாகிறது என்று அதற்குப் பொருள். அது அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். அவசரத்தில் பலர் காத்திருப்பதில்லை. சாவியை ஆன் செய்து விளக்கு அணைந்ததும் ஆஃப் செய்து, மறுபடியும் ஆன் செய்து காத்திருந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். இப்படி இரண்டு முறை சூடேற்றினால் எளிதாகப் பிடிக்கிறது என்றால் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்க வேண்டும்.

புகையையும் பாருங்கள். சுற்றும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை: ஹீட்டர் பிளக் அல்லது எஞ்சின் அழுத்தம். புகையே இல்லையென்றால் டீசல் போகவே இல்லை.

காலையில் மட்டும் நீண்ட நேரம் சுற்றிப் பிடிக்கிறது, பிறகு நாள் முழுக்கச் சிக்கல் இல்லை என்றால், இரவில் ஏதோ ஓர் இணைப்பு வழியே காற்று புகுந்து டீசல் டேங்குக்குத் திரும்பிவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். ஃபில்டர் மேல் ஹேண்ட் பம்ப் உள்ள வண்டியில், காலையில் அது இறுகும்வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் அதுதான் காரணம். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும், குறிப்பாக மழைக்காலத்தில், திறந்து வடியுங்கள்.

பெட்ரோல் காரில் சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டின் அடியிலிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பெட்ரோல் பம்ப். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று தேட வேண்டும். இரண்டு மூன்று முறை சாவியை ஆன், ஆஃப் செய்த பிறகு உடனே பிடித்தால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது. ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால், மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். எஞ்சினின் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டாலும் காலையில் சிக்கல் வரும்: எஞ்சின் ஆறியிருக்க அது "சூடாக இருக்கிறது" என்று தவறாகச் சொன்னால், கம்ப்யூட்டர் குளிருக்குத் தேவையான கூடுதல் பெட்ரோலைக் கொடுக்காது.

செய்யக் கூடாதவை

பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையே அரை நிமிடமாவது விடுங்கள். இல்லையென்றால் மோட்டார் சூடாகி எரியும்.

ஹீட்டர் பிளக் உள்ள டீசல் வண்டியின் காற்றுக் குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள். சூடான பிளக்கில் பட்டு வெடித்து எஞ்சினே உடையலாம்.

மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மயக்கம் வருவதற்கு முன் தெரியாது, உயிர் போய்விடும்.

ஜம்பர் கேபிள் போடும்போது வரிசை முக்கியம்: இறங்கிய பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை இறங்கிய வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கடைசி இணைப்பின் தீப்பொறி அதன் அருகே விழக் கூடாது. கழற்றுவது இதற்கு நேர் எதிர் வரிசையில்.

இன்னொன்று, நம் வட்டாரம் மறக்க முடியாதது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த பிறகு, நனைந்து நின்ற வண்டியை "பிடிக்குதா பார்ப்போம்" என்று சாவி போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் ஆசை. போடாதீர்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் ஒரே சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். கட்டி இழுத்துக் கொண்டுபோங்கள்.

மலைக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு

விடுமுறையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறோம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல்மேல் உறைபனி படியும். இங்கே 25 டிகிரியில் மறைந்திருக்கும் பலவீனம் அங்கே காலை ஆறு மணிக்கு வெளியே வரும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு ஹீட்டர் பிளக் போயிருந்தாலும் தெரியாது, அங்கே தெரியும். ஆகவே புறப்படும் வாரத்திலேயே மூன்று அளவுகளையும் எடுங்கள். ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதாக இருந்தால் குளிரில் இளக்கம் அதிகம். வண்டியின் கையேட்டில் சொன்ன எண்ணையே ஊற்றுங்கள்.

படித்ததைச் சரிபார்க்க மூன்று கேள்விகள்

பிள்ளைகள் விடையை மூடிவைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கட்டும்.

1. காலையில் எஞ்சின் முனகுகிறது, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, மத்தியானம் சிக்கல் இல்லை. எங்கே பார்ப்பீர்கள்? விடை: முதலில் டெர்மினலும் எர்த் வயரும். பேட்டரி வாங்க ஓட வேண்டாம்.

2. அத்தா சவூதியில் இருக்கிறார். 25 நாளாக எடுக்காத கார் "டிக் டிக் டிக்" என்கிறது. விடை: பேட்டரி இறங்கிவிட்டது. ஜம்பர் போட்டு ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சார்ஜ் ஏற்றி, மறுநாள் காலை வோல்ட் பார்த்த பிறகே மாற்றுவதா என்று முடிவு செய்யலாம்.

3. டீசல் வேன் வேகமாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, இரண்டு முறை சூடேற்றினால் பிடிக்கிறது. விடை: ஹீட்டர் பிளக்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

அறக்கட்டளையின் வண்டியும் பணமும் நம்மிடம் உள்ள அமானத். அதனால் சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பின் ஓட்டுநர் வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கிறார். வாரத்தில் ஒரு காலை, முதல் சாவிக்கு முன் வோல்ட் எழுதுகிறார். பதிவேட்டை ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகள் இருவர் உட்கார்ந்து வாசித்த பிறகே கையெழுத்துப் போடுகிறார்கள். "தாமதமாக ஸ்டார்ட் ஆனது" என்று ஒருமுறை எழுதப்பட்டாலே அந்த வாரமே மெக்கானிக் பார்க்க வேண்டும். வீணாகப் போன 12,000 ரூபாயை வேறு தலைப்பில் மறைக்காமல், "தவறான பழுதுச் செலவு" என்றே ஆண்டுக் கணக்கில் காட்டியிருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி. நோயாளி காத்திருக்கும்போது மூன்று முறைக்கு மேல் சாவி திருப்புவதில்லை. மூன்றாவது முறை பிடிக்கவில்லையென்றால் உடனே 108-க்கும், அந்த வாரத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கும் மாற்று வண்டிக்காரருக்கும் அழைப்பு போகும். குறையைப் பிறகு தேடலாம். உங்கள் வீட்டு வண்டிக்கும் இதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். மாற்று வண்டியாக இரவில் வர முன்வரும் சகோதரர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அன்று வந்த டெம்போக்காரர் தன் பெயரை முதலாவதாகக் கொடுத்துவிட்டார்.

அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. வஸ்ஸலாம்.

செயலாளர்